கந்தோருக்குக் கிட்ட ஒரு வீடு

என் கணவருக்கு ஆறின சோறு பிடிக்காது. பட்டினத்தில் நாங்கள் அந்த வீட்டை எடுத்ததற்கு முதற் காரணம் இதுதான். சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பண்டத்தரிப்பில் இருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குச் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம் அப்போதுதான் கிடைத்திருந்தது. நேரம் பிந்திப் போனால் பெரிய துரை வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பாராம். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாராம். அந்தப் பார்வைக்கு இவர் பயந்தது கொஞ்சமல்ல. மாரி தொடங்கினால் மானிப்பாய் றோட்டு முழுக்க வெள்ளம் நிற்கும், அதற்கு முன்னர் பட்டினத்தில் குடியேறிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

எனக்கும் போக ஆசைதான். மாமியின் குசினி அடுப்பில் இருந்து தப்பலாம் என்று உள்ளூரச் சந்தோசப்பட்டேன். ஆனால் பிள்ளையை நினைத்தால் பயம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு மூத்தவன் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். இவளையும் கொடுத்துவிட்டு என்னால் இருக்க முடியாது.

"தண்ணியைப் பாத்து வீட்டை எடுங்கோ. மற்றதெல்லாம் பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வீடுகள் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று கொக்குவிலில், ஸ்டேசனுக்கு அருகே. நல்ல தண்ணீர். ஆனால் பக்கத்து வளவு வேலியில் பொட்டு இருந்தது. ஆள் குனிந்து நுழையத்தக்க இடைவெளியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அடுப்புக்கு நெருப்பும் மோரும் ஊர்க்கதையும் வீட்டுக்கு வீடு போவது அந்த வழியால்தான். இவருக்கு அது பிடிக்கவில்லை. கண்டவை நின்றவை எல்லாம் வந்து போகிற வீடு என்றார். அதோடு மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். மற்ற வீடு கந்தோருக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மத்தியானம் நடந்து வந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அந்த வீட்டைக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆளுயரத்துக்கு மேலே பனையோலை வேலி. ஓலை இன்னும் வெளுக்கவில்லை, கட்டும் புதிது. இவர் அதை ஏதோ தானே அடைத்த மாதிரித் தட்டிப் பார்த்தார்.

"வேலியைப் பாத்தீரே? ஒரு பொட்டு இல்லை. நீர் கிணத்தடியிலை நிண்டு குளிச்சாலும் ஒரு காகம் பாக்காது."

வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நின்றார். பக்கத்து வளவில் இருப்பது தன்னுடைய தம்பி குடும்பம் என்றார். "அவையாலை ஒரு கரைச்சலும் வராது, தங்கச்சி. எட்டியும் பாக்க மாட்டினம்."

கிணறு இரண்டு வளவுக்கும் பொது. கிணற்றுக்கு நடுவால் வேலி போகும், பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. யாழ்ப்பாணத்தில் அது புதினமில்லை. ஒரு வாளி அள்ளி ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

குடிபோன மறுநாள் விடியப்புறம் கண் விழித்துப் படுத்திருந்தேன். வேலிக்கு அங்கால் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கப்பி உருளுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. எழும்பிப் போய்க் கிணற்றுக் கட்டில் சாய்ந்து, வேலி ஓலைக்குக் கீழால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலும் கப்பி இருந்தது. அதில் கயிறு இல்லை. கப்பியின் பள்ளத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

அன்றைக்கு அங்கே காலடி கேட்கும்வரை காத்திருந்து, "அக்கா, உங்கடை பக்கத்திலை கயிறு இல்லையே?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

ஒரு பெண்குரல் மெல்லச் சொன்னது. "அறுந்து போச்சுது, பிள்ளை."

ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கேட்டேன். காலடிச் சத்தம் நின்றது, திரும்பிப் போனது. பின்னொருநாள் விடியக் கேற்றடியில் நின்றபோது, அந்த வீட்டுப் பெண்கள் இடுப்பில் குடத்துடன் கோயிலடிப் பக்கமிருந்து வருவதைக் கண்டேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வீட்டிலே கிணற்றை வைத்துக்கொண்டு கோயிலடியில் தண்ணீர் அள்ளுகிறார்கள்.

மத்தியானம் இவர் வந்ததும் சொன்னேன். சோற்றில் இருந்து முகத்தை எடுக்காமலே சிரித்தார்.

"அண்ணன் தம்பிக்குள்ளை காணிச் சண்டையாக்கும். வேலியை அடைச்சவங்கள் கிணத்தையும் விட்டிட்டாங்கள். முழுக் கிணறும் இப்ப எங்களுக்குத்தானே."

உண்மையைச் சொன்னால், நானும் அதை நம்பினேன். வேலி இறுக்கி அடைத்திருந்தால் காணிச் சண்டை என்று நினைக்காத யாழ்ப்பாணத்தார் யார் இருக்கிறார்கள்? ஒரு முழ நிலத்துக்காகக் கோடேறி வழக்காடி, கூடப்பிறந்தவனின் செத்த வீட்டுக்கும் போகாதவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி நம்பியும் மனம் ஆறவில்லை. அன்று தொடக்கம் பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுத்தேன். வாய் கொப்புளிக்கவும் அதுதான். அவளைக் கிணற்றடிக்கு விடவே இல்லை.

இவருக்கும் அதில் ஒரு செம்பு எடுத்து வைப்பேன். இவரோ வெயிலில் நடந்து வந்த சூட்டோடு நேரே கிணற்றடிக்குப் போய், வாளியில் வாயை வைத்து மடக்கு மடக்கென்று குடிப்பார்.

"பச்சைத் தண்ணி குடியாதையுங்கோ. ஆறின வெந்நீர் கிடக்கு."

"வெந்நீர் குடிக்க நான் என்ன வருத்தக்காரனே?"

மாரி பிறந்தது. மழை பெய்யப் பெய்யக் கிணறு கட்டுவரை ஏறி வந்தது. பின் ஒழுங்கையில் கக்கூசுக் குழியும் நிரம்பித் ததும்பியது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் தலையிடிக்குதென்று கந்தோரில் இருந்து நேரத்தோடு வந்து படுத்தார். அதன் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை.

கந்தோர் ஆட்கள், வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயாவைக் கூட்டி வந்தார்கள். அவர் உள்ளே வந்து இவரைப் பார்க்கவில்லை, அறையைத்தான் முதலில் பார்த்தார்.

"போன மாரியிலும் இந்த அறைக்கு வந்தனான்" என்றார். "அப்ப கட்டில் அந்தச் சுவரோடை கிடந்தது."

"ஆருக்கு ஐயா?"

"முந்தி இருந்த கிளாக்கருக்கும் பெண்சாதிக்கும். நெருப்புக் காய்ச்சல், டைபோயிட்டு."

"அவை இப்ப எங்கை?"

அவர் காய்ச்சல் பார்க்கிற கோலை உதறிக்கொண்டே இருந்தார். "தண்ணியைக் கொதிக்க வைச்சே குடிக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். நான் மகளைத் தூக்கி இறுக்கி அணைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை. கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்கழி பிறக்குமுன் இவர் போய்விட்டார்.

அன்று காலை, நான் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது, வளவில் கத்தியால் கட்டறுக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மனிதர் வேலியைப் பிரித்து வழி விட்டுக்கொண்டிருந்தார். செத்த வீட்டுக்கு அயல் வராமல் இருக்கக் கூடாதல்லவா! அந்த வழியால் அவருடைய மனைவி வந்தாள். அவள் முகத்தை நான் கிட்டத்தில் கண்டது அன்றுதான். என்னைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதுவிட்டு, கொண்டுவந்த குடத்தில் இருந்து ஒரு செம்பு வார்த்து நீட்டினாள்.

"கோயிலடிக் கிணத்துத் தண்ணி, பிள்ளை. பயப்பிடாமல் குடி."

"இதை முந்தியே சொல்லியிருந்தால் என்னக்கா?"

"என்ரை மனிசன்ரை அண்ணையின்ரை வீடு. நாங்கள் என்னெண்டு வாய் திறக்கிறது?"

செம்பை அவள் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. பிள்ளை தாகமென்று சிணுங்கியது. வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் என்னைப் பெற்ற ஐயா வண்டில் கொண்டுவந்து என்னை ஊருக்குக் கூட்டிப்போனார். சாமான் ஏற்றும்போது பார்த்தேன், வேலியில் பிரித்த இடத்தில் கூலியாள் ஒருவன் பச்சை ஓலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கேற்றடியில் வீட்டுக்காரரோடு ஓர் இளம் பொடியன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். சப்பாத்தைப் பார்த்தாலே கந்தோர் உத்தியோகம் என்று தெரிந்தது. செத்த வீட்டுத் துடக்குக் கழிந்தும் கழியாத பெண் பிற ஆம்பிளைக்கு முன்னால் வருவதில்லை. நான் வண்டிலை விட்டு இறங்கிப் போனேன்.

"தம்பி, இந்த வீட்டை எடுக்காதையும். உந்தக் கிணத்துத் தண்ணிதான் என்ரை மனிசனைக் கொண்டுபோனது. அங்கால் பக்கம் போய்ப் பாரும், கப்பியிலை கயிறு இல்லை."

வீட்டுக்காரர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "பாவம், துக்கத்திலை கதைக்கிறா" என்றார்.

"ஓம் அக்கா" என்றான் அந்தப் பொடியன், வெகு மரியாதையாக. அவன் என்னைப் பார்க்கவில்லை. புது ஓலையை ஒரு கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.