பின்வரிசைக்கு எட்டாத மைக்

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருச் சங்கக் கூட்டம் என்றால் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். யார் போட்ட சட்டமோ! மைக் வயர் மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். பின்னாலிருந்து ஒருத்தி கை தூக்கினால் போதும், தலைவர் மேடையில் இருந்தபடியே, "வயர் எட்டாதும்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, அங்கிருந்தே சொல்லுங்க" என்பார். நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் போய்ச் சேராது. "சரி சரி, பாத்துக்கலாம்" என்று அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சங்கத்து போர்வெல் தண்ணீரைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். அதை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். என் அக்கா அபார்ட்மெண்ட்களில் வீட்டு வேலை செய்கிறாள். குடத்தோடு காத்து நின்று தாமதமாகப் போனதில் ஒரு வீடு கைவிட்டுப் போயிற்று. இன்னொரு வீட்டிலும், இனி தாமதமானால் வர வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மேடைக்கே போய்ப் பேச வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்க" என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எட்டாத வயர்தானே? எட்ட வைக்கிறேன் பார். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பொழுதுக்கும் சால்டரிங் போடுகிறவள் நான். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நீளமான மைக் வயரும், இரண்டு முனைக்கும் கனெக்டரும் வாங்கி வந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து பற்றவைத்தேன். ஒரு முனையில் எந்தக் கம்பி எந்தப் பின்னில் இருக்கிறதோ, மறுமுனையிலும் அதே பின்னில் இருக்க வேண்டும். முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி முறிந்துவிடும் என்பதால், பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல, "வயர் எட்டாதும்மா." நான் எழுந்து போய், ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவி, பழைய வயரோடு என் வயரைச் சேர்த்தேன். 'ஙொய்ய்' என்று ஒரே இரைச்சல். முன்வரிசை கெக்கெக்கே என்று சிரித்தது.

"இதெல்லாம் யாக்கம்மா, எதுக்கு? கழட்டிடு" என்றார் தலைவர்.

"கழட்டறதா? இருங்க."

அவசரத்தில் ஃபேனுக்குப் போகும் கரண்ட் வயர் மேலேயே என் வயரைப் போட்டிருந்தேன். எடுத்துத் தள்ளி, சுவரோரமாக விட்டேன். இரைச்சல் அடங்கியது. சிரிப்பும் அடங்கியது.

பின்வரிசைக்குப் போய் அக்காவின் கையில் மைக்கைத் திணித்தேன். "அய்யோ, நீயே பேசுடி" என்று நெளிந்தாள்.

"வேலை போனது உனக்கு. நீதான் பேசணும்."

சொல்லிவிட்டு நேராக ஆம்ப்ளிஃபயர் அருகில் போய் நின்றுகொண்டேன். அதை அணைக்கத் தலைவரின் கை நீண்டது. "கை வச்சுப் பாருங்க!" என்றேன். அவர் வைக்கவில்லை.

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "அண்ணா, ஆறு மணிக்குத் தண்ணி விடுங்க. இல்லன்னா நாளைக்கு நாங்க யாரும் வேலைக்குப் போக மாட்டோம். காலிக் குடத்தோட உங்க வீட்டு வாசல்லதான் உக்காருவோம்."

ஹால் முழுக்க அவள் குரல். முன்வரிசை ஆண்கள் அத்தனை பேரும் நாற்காலியில் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு நிமிர்ந்தார்.

"சரிம்மா, நாளையிலேர்ந்து ஆறு மணி. போதுமா? மைக்கக் குடுங்க."

என் அக்கா மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கண்ணா, நான் இன்னும் முடிக்கல."