ஒரு குழாயும் ஒன்றரை மணி நேர டெமோவும்

போன சனிக்கிழமை ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக நான் பட்ட பாடு... சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

கனடாவில், யூனியன்வில்லில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பு இருந்தவர் ஒரு ஹொட் டப்பையும், அதுதான் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, விட்டுப் போயிருந்தார். கோடை முழுக்க ராஜபோகம். தண்ணீரை இறைத்துவிட்டேன், குளிர்காலத்துக்கு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

"தொட்டி காய்ந்தால் போதுமா? குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். உறைந்தால் குழாய் வெடிக்கும். காற்றடித்து வெளியேற்று" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எப்போது சொன்னார்? இரவு மைனஸ் பத்து என்று ரேடியோ அறிவித்த அன்று மத்தியானம்.

அந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பிஸி. உறிஞ்சுவதோடு ஊதவும் தெரிந்த வாக்யூம் க்ளீனர் எங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம்தான் இருந்தது — சிவலோகன். மனைவியின் சித்தப்பா மகன். வீடு வீடாகப் போய் வாக்யூம் க்ளீனர் விற்கிறவர். அவருடைய காரைக் கண்டால், நாங்கள் முன்பு குடியிருந்த அஜின்கோர்ட்டில் வீட்டு லைட்டுகள் அணையும். அங்கே இருந்தபோது நாங்களும் அணைத்திருக்கிறோம். சோபாவுக்குப் பின்னால் பதுங்கியும் இருக்கிறோம்.

"இஞ்சேருங்கோ, சிவலோகனைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் மனைவி. வேறு வழி?

கோட், டை, பெரிய பெட்டி சகிதம் வந்து இறங்கினார்.

"தம்பி, மெஷினைத் தாரும். பின்னுக்குப் போவம்."

"முதல்ல டெமோ, அத்தான். முழுசாக் காட்டாமல் வேற வேலைக்கு எடுக்கேலாது. கொம்பனி ரூல்."

ஒன்றரை மணி நேரம். கார்ப்பெட்டை உறிஞ்சி, தூசியைக் கறுப்புத் துணியில் கொட்டிக் காட்டினார். சோபாவை இழுத்து அதன் பின்னாலும் சுத்தம் செய்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு மெத்தை. "உதுக்கு மேலதான் அத்தான் இவ்வளவு நாளும் படுத்தனீங்கள்."

மனைவி ஜன்னலோரம் நின்று தெர்மோமீட்டரைப் பார்த்து கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள் — "மூண்டு... இரண்டு... ஒண்டு..."

ஒருவழியாக முடிந்தது. "ஏதும் கேள்வி இருக்கோ?" என்றார்.

என் பத்து வயது மகள் கையை உயர்த்தினாள். "மாமா, இது ஸ்டெயர்ஸையும் க்ளீன் பண்ணுமோ?"

பெற்ற பிள்ளையை அன்றைக்கு முறைத்த மாதிரி நான் என்றைக்கும் முறைத்ததில்லை. பதின்மூன்று படிகள். ஒவ்வொன்றாக.

நாங்கள் வெளியே போனபோது குளிர் பூச்சியத்தில் நின்றது. குழாயின் வாயில் ஹோஸை வைத்து ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை... பிறகு உள்ளே ஏதோ கொப்பளித்தது... தொட்டியின் அத்தனை ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் சீறி அவருடைய டையை நனைத்தது. வெறும் காற்று வரும்வரை மனிதர் விடவில்லை. குழாய் தப்பியது.

நடுங்கிக்கொண்டே பெட்டியைக் கட்டும்போது என் மனைவியிடம் சொன்னார்: "கனடா வந்து மூண்டு வருசம், அக்கா. முழு டெமோவையும் இருந்து பாத்த முதல் ஆக்கள் நீங்கள்தான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொந்தக்காரரை நாம் எப்போது தேடுகிறோம்? நம்முடைய குழாய் உறையப் போகும்போதுதானே?

மெஷினை வாங்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லித் தப்பியிருப்பேன். கேட்காமல் போன மனிதரை என்ன செய்வது? திங்கட்கிழமை நானே போன் பண்ணி ஒன்றுக்கு ஓடர் கொடுத்தேன்.

டெமோ காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு.