மழையில் திறந்த நோன்பு

மழை வரப்போகிறது என்பதை இப்போதெல்லாம் எனக்கு முழங்கால்தான் முதலில் சொல்கிறது. வலதுகாலில் கொஞ்சம் வலி, இடதுகாலில் அதிகம். இந்தக் கால்கள் ஒரு காலத்தில் பெருமாள் மலையிலிருந்து ஏரி வரை இருபத்தேழு வளைவுகளை நிற்காமல் ஏறின என்று சொன்னால் வீட்டில் யாரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. இருபத்தேழு என்பது பெரிய வளைவுகள் மட்டும். சின்னதையும் சேர்த்தால் அறுபத்து நான்கு. சின்னதைச் சேர்க்கக் கூடாது என்பது மச்சான் கட்சி.

மச்சான் என் மாமு மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். கொடைக்கானல் கடைவீதியில் அவர்களுக்கு உருளைக்கிழங்கு மண்டி, எங்களுக்கு அதற்கு நான்கு கடை தள்ளித் துணிக்கடை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் கடைவீதிக்காரர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் ஏற்பாடு செய்தார்கள். பெருமாள் மலையில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும். நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் வாரம் என்று வைத்திருந்தார்கள். பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தோம். மச்சான்தான் வெல்வான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. ஏறும்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதிப்பேன், அது எனக்குப் போதும்.

பெருநாள் வரும்வரை காத்திருந்தால் பழக்கம் விட்டுப்போகும் என்று நோன்பு வைத்துக்கொண்டே பயிற்சி செய்தோம். மதியத் தொழுகை முடிந்ததும் இறங்குவோம். பிற்பகல் அஸர் தொழுகையைப் பெருமாள் மலையில் தொழுதுவிட்டு ஏறத் தொடங்கினால், நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் இருப்போம். வழியில் பொழுது சாய்ந்துவிட்டால் வேண்டுமே என்று மச்சான் கைக்குட்டையில் மூன்று பேரீச்சம்பழம் முடிந்து வைத்திருப்பான். ஆளுக்கு ஒன்று, மூன்றாவது யாராவது வழிப்போக்கருக்கு. நோன்பாளிக்குத் திறக்கக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் அந்த நோன்பின் நன்மை உண்டு என்பது எங்களில் குழந்தைக்கும் தெரியும். மச்சானுக்கு அதில் தீராத பேராசை. பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பைகளை வேறு யாரையும் தொடவிட மாட்டான். தானே வரிசை வரிசையாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஓடிவந்து உட்காருவான்.

அன்று பதினேழாவது நோன்பு. ஐப்பசி மழை. பெருமாள் மலையில் தொழுதுவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஏறினோம். மழைத் தண்ணீர் மூக்கு வழியாக உதட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. உள்ளே போய்விடக் கூடாதே என்று நான் துப்பிக்கொண்டே மிதித்தேன்.

"எத்தனை தரம் துப்புனேன்னும் எண்ணி வச்சிருப்பியே மாப்ளே?" என்றான் மச்சான், திரும்பாமலே.

"முப்பத்தொண்ணு."

சிரித்த சிரிப்பில் அவன் சைக்கிள் ரோட்டோரம் வரை போய் வந்தது. "ஏலே, நீ மிதிக்க வந்தியா, கணக்கெழுத வந்தியா?"

வெள்ளி அருவியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முன்சக்கரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கி நின்றோம். விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு காய்கறி லாரி கீழே போனது. சோலைக்குள் பறவைகள் ஒருமிக்கச் சத்தம் போட்டு அடங்கின. என் கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுந்து முள் நாலேகாலில் நின்றிருந்தது.

"பொழுது எறங்கிருச்சு மாப்ளே. பறவையெல்லாம் அடங்கிருச்சு பாரு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம் மச்சான்."

"எந்த வாச்சுல பாப்ப? நோன்ப வெரசாத் தொறக்கணும்லே, இழுத்தடிக்கக் கூடாது."

என் விரல்கள் விறைத்துப் பழத்தைப் பிடிக்க வரவில்லை. அவனே துஆ ஓதி, முதல் பழத்தை என் வாயில் வைத்தான். அதன்பிறகு தான் ஒன்று தின்றான். பாறையிலிருந்து ஒழுகிய தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி எனக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

மறுபடி ஏறினோம். அங்கிருந்து நான்காவது வளைவில், செண்பகனூர் நெருங்கும்போது, காற்று அடித்து மூடுபனி கிழிந்தது. மேகத்துக்குக் கீழே சூரியன் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெருமாள் மலை முழுக்க மஞ்சள் வெயில். ரோட்டில் நான்கு நிழல்கள் நீளமாக விழுந்து கிடந்தன. இரண்டு ஆள், இரண்டு சைக்கிள்.

மச்சான் இறங்கிவிட்டான். கைக்குட்டையில் மிச்சமிருந்த மூன்றாவது பழத்தை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் முடிந்து வைத்தான்.

"தெரியாமத்தானே மச்சான்," என்றேன். "பெருநாள் கழிச்சு இதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு களா நோன்பு பிடிச்சிட்டா, கணக்கு நேராயிரும்."

"ஒனக்கு நேராயிரும்," என்றான். "என்னுது போனா நான் பிடிச்சுக்கிருவேன். ஒன் வாயில வச்சது நாந்தானே."

அதற்குமேல் அவன் சைக்கிளில் ஏறவில்லை. மீதி ஒன்பது வளைவுகளையும் தள்ளிக்கொண்டே நடந்தான். நானும் தள்ளினேன். சூரியன் மறைய வெகுநேரம் ஆனது போல் இருந்தது.

பள்ளிவாசல் அஜரத்தும் நான் சொன்னதையேதான் சொன்னார். "தப்பா வெளங்கித் தொறந்துட்டீங்க, அதுல குத்தமில்ல. ஆளுக்கு ஒண்ணு களாப் பிடிங்க, போங்க." நான் ஒன்று பிடித்தேன். மச்சான் இரண்டு பிடித்தான். என் நோன்பை நான் பிடித்துவிட்டேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. சைக்கிளை மண்டிக்குள் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டான். பந்தயத்துக்கு முன் பதினான்கு தரம் போய்க் கேட்டேன். ஒவ்வொரு தரமும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரே பதில்.

"அவசரக்காரப் பயலுக்குச் சைக்கிள் எதுக்குலே. நீ போய் ஜெயிச்சிட்டு வா."

பந்தயத்தில் நான் ஆறாவதாக வந்தேன். முன்னால் பார்த்து மிதிக்க அவன் முதுகு இல்லை. வெள்ளி அருவிக்குப் பிறகு வளைவுகளின் எண்ணிக்கையும் தவறிவிட்டது. ஏரிக்கரையில் துண்டோடு நின்றிருந்தவன் என் தலையைத் துவட்டிவிட்டு, "ஆறாவது பரவாயில்ல மாப்ளே," என்றான். ஜெயித்தவன் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கேட்டேன். மச்சான் நோன்போடு மழையில் அதைவிட வேகமாக ஏறியிருக்கிறான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிவாசலில் அவன் கஞ்சிக் கோப்பையைத் தொட்டதில்லை. வரிசையின் கடைசியில் உட்காருவான். பாங்கு சொல்லி, எல்லோரும் வாயில் வைத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தன் பழத்தை எடுப்பான். முப்பத்தொன்பது ரமலான்களில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாமே என்று நான் அவசரமாகத் தின்றுவிடுவேன்.

மச்சான் மௌத்தாகி ஒன்பது வருஷமாகிறது. அன்று ரோட்டில் நிழல் விழுந்தபோது, நீ வைத்த பழம் இனித்தது மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனிக்கத்தான் செய்தது. நான் கணக்குச் சொன்னேன்.