அம்மாவின் துடுப்பும் ஹார்மோன் மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதனால் ரேஷன் அட்டை முதல் உர மூட்டை வரை எழுத்து எதுவானாலும் என் கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் ஒரு எழுத்து விடாமல் படித்துச் சொல்வேன். அந்தப் பழக்கத்தால்தான் அம்மாவின் மருந்து ஒரு மாதம் பரணில் கிடந்தது.

அம்மா களமருதூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவள். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நட்டுக்கொண்டே இருப்பாள், திடீரென்று கழுத்திலிருந்து தணல் ஏறும். நாற்று முடியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னாக்கா, உள்ள அடுப்பு எரியுதா?" என்பார்கள் கூட நடுகிறவர்கள்.

"ஆமாண்டி, வந்து ஒல வை" என்பாள் அம்மா.

ஆனால் மாதவிடாய் நின்றதில் அவளுக்கு ஒரு மரியாதையும் கிடைத்திருந்தது. எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் காய்ச்சும்போது அண்டாவில் துடுப்புப் போடுவது மாதவிடாய் நின்ற பெண்கள்தான். போன வருட ஆடியில் முதல் தடவையாக அம்மா கைக்குத் துடுப்பு வந்தது. ஆண்டு முழுவதும் குனிந்தே நிற்பவள் அன்று நிமிர்ந்து நின்று கூழ் கிண்டினாள்.

சித்திரையில் அம்மாவைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மார்பைப் பரிசோதித்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா, ரத்தம் கட்டியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாம் பார்த்த பிறகுதான் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தேன். விரிக்க விரிக்க வேட்டி மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த ஆபத்துகளை எல்லாம் தமிழாக்கி உரக்க வாசித்தேன். எலவனாசூர்கோட்டை வருவதற்குள் பாதி பஸ்ஸுக்கு எங்கள் மாத்திரை தெரிந்துவிட்டது. மறுநாள் நடவு வயலுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அதத் தின்னா மறுபடியும் மாசாமாசம் வருமாம்."

"இந்த வயசுல புள்ள உண்டாயிட்டா இன்னாடி பண்றது?"

"ஒடம்பு ஊதிப்பூடும்."

ஒருத்தி மட்டும் வேறு கணக்குப் போட்டாள். "யக்கா, எனக்கு ரெண்டு குடு. திருவிழாவுக்குத் தள்ளிப் போட்டுக்கறேன்."

எனக்குப் புற்றுநோய்ப் பயம். அம்மாவுக்கு அது இல்லை. "மறுபடியும் வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுடா. வரும்னா வேணாம். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவட்டும்" என்று மாத்திரையைப் பரணில் வைத்துவிட்டாள்.

வைகாசியில், காகிதத்தில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன். அவர் கோடுகளைப் பார்த்தார். "மாத்திரை உனக்கா, அம்மாவுக்கா? போய் அவங்களக் கூட்டினு வா."

கூட்டிப்போனேன். அம்மா தானே கேட்டாள். "இதத் தின்னா திரும்ப வருமாம்மா?"

"மாசாமாசம் வராது. உங்களுக்குக் குடுத்திருக்கறது தெனமும் சாப்புடறது. மொதல் சில மாசம் லேசா பட்டாலும் படும். ஜாஸ்தியானாலோ, அதுக்கப்புறமும் வந்தாலோ ஒடனே இங்க வரணும். இதுனால புள்ளயெல்லாம் உண்டாவாது."

"புற்று?" என்றேன் நான்.

"இந்த மாதிரி மாத்திரைய பல வருஷம் சாப்புட்டா மார்புப் புற்று ஆபத்து கொஞ்சம் கூடலாம். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு கெடையாது. அதுக்குத்தான் அவ்ளோ கேள்வி கேட்டேன். வருஷா வருஷம் பாத்துக்கலாம். போதும்னா நிறுத்திக்கலாம். வேற யாருக்கும் இதக் குடுத்துடாதீங்க."

அம்மா அன்றே சாப்பிடத் தொடங்கினாள். ஆனி முடிவதற்குள் தணல் கம்மியானது. வாய்க்காலுக்கு ஓடாமல் முழு வயலையும் நட்டு முடித்தாள்.

ஆடியில் கூழுக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் வேலைக்காக வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது போன் வந்தது.

"டேய், லேசா பட்டிருக்குடா..."

சிக்னல் போய்விட்டது. மேலே போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் துடுப்புக்கு என்ன பதில் சொல்வது?

வெள்ளிமலையில் இறங்கிக் கூப்பிட்டபோது அவளுக்கு என் பதில் தேவைப்படவில்லை. "டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். ரெண்டு நாள்ல நிக்கலன்னா வரச் சொன்னாங்க. பூசாரி சம்சாரத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'மருந்துல வந்ததுக்கு ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நின்னா துடுப்பு புடி, நிக்கலன்னா வெளிய இருந்து உப்பு பாத்துச் சொல்லு'ன்னாங்க."

மறுநாளே நின்றுவிட்டது.

கூழ் அன்று நான் போனபோது அம்மா அண்டா முன்னால் நின்றிருந்தாள். வேர்த்துக் கொட்டியது. ஆனால் அன்று அங்கே எல்லாருக்கும் வேர்த்தது. விறகடுப்பு தந்த வேர்வை.

"யக்கா, இந்த வருசம் வாய்க்கா பக்கமே போவலியே! அந்த மாத்திர ரெண்டு குடேன்" என்றாள் முன்பே மாத்திரை கேட்டவள்.

"கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறு. என்கிட்ட கேட்டா துடுப்பாலதான் குடுப்பேன்."

பிறகு சொம்போடு நின்ற என்னைப் பார்த்தாள். "அந்த மாத்திரக் காயிதத்த எடுத்தாந்தியாடா? வெறவு ஈரமா கீது, அடுப்பு அணையப் பாக்குது."

சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.