ஆற்றங்கரைச் சண்டையில் ஜெயித்தது யார்?

என் அண்ணன் சோசிஸ் எழுதிய போர்க்கதை இன்று யாரிடமும் இல்லை. அதைப் பிரதி எடுக்க ஒருவனும் முன்வரவில்லை. இருந்த ஒரே சுருளும் ரோமானியர் எங்கள் தெருவைக் கொளுத்தியபோது போய்விட்டது.

அண்ணன் கார்த்தேஜ்காரர்களோடு சேர்ந்து ரோமானியரை எதிர்த்து ஈட்டி பிடித்தவன். முட்டி போன பிறகுதான் எழுத உட்கார்ந்தான். பட்சபாதம் என்றால் அப்படியொரு பட்சபாதம்! அவன் கதையில் ரோமானியன் எவனும் நேராக நின்று சண்டை போட்டதில்லை. நம்மாள் எவனும் முதுகு காட்டியதில்லை. எங்கள் அக்ரகாஸ் ஊரே வாயைப் பிளந்து கேட்டது. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆற்றங்கரைச் சண்டையை எழுதி முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினான். பொழுது சாயும்போது நம் படை ஜெயித்து, களத்தில் வெற்றிச்சின்னம் நட்டதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சண்டையில்தான் என் மகன் லிக்கோன் செத்தான். எங்கள் வழக்கப்படி, களம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். மற்றவர்கள் தூதுக்கோலோடு போய்ச் செத்தவர்களைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி. அன்றைக்கு அந்தக் கோலைத் தொட எவனுக்கும் மனசில்லை. என் வீட்டுக்காரர் தெல்லியாஸ்தான் எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து சந்தைக்குப் போனால், "தோல்வியைக் கேட்டு வாங்குனவரு வர்றாருய்யா, வழி விடுங்க!" என்று சிரிப்பார்கள். அவர் பொறுத்திருந்தால் மறுநாள் ஜெயித்திருப்பார்களாம்!

"ஏண்ணே, ஜெயிச்சவனுக்குப் பொணத்தைக் கெஞ்சி வாங்குற வேலை ஏது? அப்ப நான் குளிப்பாட்டிப் பொதைச்சது யாரை?" என்றேன்.

"மிர்த்தோ, இது ஊரு கேக்கப்போற கதை."

"ஊரு தெனமும் இவரைக் கேவலமாப் பேசுதே, அது ஒனக்குக் கேக்கலையா? மத்தியானமே கேடயத்தைப் போட்டுட்டு ஓடியாந்தேன்னு நீதானே சொன்னே!"

"விடு மிர்த்தோ, மச்சானைச் சாப்பிட விடு" என்றார் தெல்லியாஸ்.

அண்ணன் ரொட்டியைத் தொடவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துச் சுருளில் அந்த வரிகளைத் துடைத்தான்.

அடுத்த வாரம் மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் படித்தான். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அவன் குரல் நன்றாகவே கேட்டது: "நண்பகலுக்குள் நாங்கள் தோற்று ஓடிவிட்டோம். நானும் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினேன். செத்தவர்களைக் கேட்டுப் போகும் துணிவு தெல்லியாஸ் ஒருவருக்குத்தான் இருந்தது."

கூச்சல் கிளம்பியது. "ரோமாக்காரன் ஒனக்கு என்னய்யா குடுத்தான்?" என்று ஒருவன் கத்தினான். ஒவ்வொருவராக எழுந்து, அண்ணனைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். தெல்லியாஸைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் வடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தனை இருக்கைகளிலும் தெல்லியாஸ் ஒருவர்தான் மிச்சம். அவர் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"மச்சான், அந்த எடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றார்.