இரண்டாவது ஃப்ரீ த்ரோ

மகளுக்கு வாங்கிய புதுக் கூடைப்பந்தின் ரப்பர் வாசனை, இன்று கடைவரிசையாகிவிட்ட எங்கள் திண்டுக்கல் பள்ளி மைதானத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்தியது. மலைக்கோட்டை நிழல் சாயும்வரை செம்மண் தூசியும் விசிலும் பந்து தட்டும் ஓசையுமாகக் கிடந்த அந்த இடத்தில்தான், வடமதுரைப் பெண்களோடு ஆடிய இறுதி ஆட்டத்தில், எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கிய கடைசி நொடியில், என் அக்காவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்புகள், கிடைத்தன. ஜெயித்தவர்களுக்கே மாநிலப் போட்டி.

அதுவரை எந்த ஆட்டத்துக்கும் வந்திராத அம்மா, என் பக்கத்தில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதல் பந்து கூடையில் விழுந்து ஆட்டம் சமமானது. இரண்டாவது வளையத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வந்தபோது, படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர்கூடக் கேமராவை இறக்கிவிட்டார். பிறகு எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"என்னாச்சுடி?"

"விழுந்துருச்சும்மா."

"பொய் சொல்லாத. அவ மொகத்தப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "அழுறாம்மா."

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேர்வையும் கண்ணீருமாக ஓடிவந்த அக்கா, "எந்திரிம்மா, செயிச்சுட்டோம்" என்று அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள். முந்தானை விலகியும் கண்ணைத் திறக்காமலே, "நெசமாத்தானாடி?" என்றாள் அம்மா.