ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. நாங்கள் கலிஃபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறோம். என் மனைவி கர்லிங் விளையாடுகிறவள். அப்படியென்றால் என்னவென்று மதுரையில் எங்கள் சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். கைப்பிடி வைத்த கனமான கல்லைப் பனித்தரையில் சறுக்கிவிட வேண்டும். போகிற கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷால் தரையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். எதிர்முனை வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் யார் கல் நிற்கிறதோ அவர்களுக்குப் பாயிண்ட். "வாசல் பெருக்குற மாதிரில்ல இருக்கு!" என்று என் மாமியார் வீடியோ காலில் சிரிப்பார்.

ஆபீஸ் அவுட்டிங் ஒன்றில் பிடித்துக்கொண்ட பைத்தியம். நாற்பதைத் தாண்டிய பிறகு, இங்கே வேலை பார்க்கும் இந்தியப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, இந்தியாவுக்காகவே ஆடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். வருஷக்கணக்காக கிரீன் கார்டுக்குக் காத்திருந்து சலித்துப்போன எங்களுக்கு, கையிலிருந்த இந்திய பாஸ்போர்ட் அவள் அணிக்குத் தேர்வான அன்றைக்குத்தான் பெருமையாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் முதல் சர்வதேசப் போட்டிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் உள்ளூர் அணி ஒன்றோடு ஒரு நட்பு ஆட்டம். பார்வையாளர்களுக்கான கண்ணாடி அறையில் நான் காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

கர்லிங் ஷூவில் ஒன்று வழுக்குவதற்கென்றே செய்தது. கல்லை விட்டு எழுந்ததும் அதன் மேல் ஒரு ரப்பர் உறையை மாட்டிக்கொள்ள வேண்டும். அன்று அவள் மாட்டவில்லை. போகிற கல்லையே பார்த்தபடி பின்னால் ஓர் அடி வைத்தாள். கால் மேலே போனது. பின்மண்டை பனியில் மோதியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. டிவியை மியூட்டில் போட்டுப் பார்த்தது போல இருந்தது. அதுதான் இன்னும் கனவில் வருகிறது.

நான் ஓடிப் போவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் பாக்குறாங்க, போங்க" என்றாள். ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. மிச்ச ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

பார்க்கிங்கில் காரை ஸ்டார்ட் பண்ணும்போது, "நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டாள்.

"தோத்துட்டோம்மா. பரவால்ல, ப்ராக்டீஸ்தானே" என்றேன்.

சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "நாம ஜெயிச்சோமா?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவையும் அதே குரலில், அதே ஆர்வத்தோடு, முதல்முறை கேட்பது போலவே கேட்டாள். "நம்ம வீடு எங்க இருக்கு, சொல்லு" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தூக்கம் வருதுங்க" என்று கண்ணை மூடினாள்.

அப்போதுதான் கார் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எதிரணியின் கேப்டன், அறுபது வயதிருக்கும் அமெரிக்கப் பெண். அதற்கு முன் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது என் மனைவியின் பார்வை சரியில்லை என்று பட்டதாம். அதனால்தான் தேடிக்கொண்டு வந்தேன் என்றார். கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும் என்றார்.

போனில் மேப்பைப் போடப் பார்க்கிறேன், எந்த எழுத்தைத் தொட்டாலும் வேறெதுவோ விழுந்தது. அவர் போனை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். மருத்துவமனை இரண்டு சிக்னல் தள்ளித்தான், நான் முன்னால் போகிறேன், என் வண்டியை மட்டும் பாருங்கள் என்றார். எச்சரிக்கை விளக்குகள் விட்டு விட்டு எரிய அவர் கார் முன்னால் போக, பின்னாலேயே போனேன். ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை அவள் தோளில். "தூங்காத, என்கிட்ட பேசு" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். ஒரு சிவப்பு விளக்கில் அவள் தலை தொங்கியபோது, மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். கட்டிய மனைவியின் மூக்கில் அப்படி விரல் வைக்கும் நிலை எதிரிக்கும் வரக் கூடாது.

ஸ்கேனில் மூளையில் சின்னதாக ரத்தக் கசிவு. பெரிதாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தக் காத்திருப்பு முழுக்க, பேர் கூடச் சரியாகத் தெரியாத அந்தப் பெண் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஸ்கேனில் கசிவு நின்றிருந்தது. அப்போதுதான் எழுந்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் வராமல் இருந்திருந்தால், தலைவலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து அவளை வீட்டில் படுக்க வைத்திருப்பேன். அப்படிச் செய்திருந்தால், கசிவு கூடியிருந்தாலும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த வருஷம் அவளில்லாமலேயே அணி போட்டிக்குப் போனது. மாதங்கள் கழித்து டாக்டர் சம்மதித்ததும், ஹெல்மெட் வாங்கினாள். "பயமா இல்லையா?" என்றேன். "பயமாத்தான் இருக்கு. அதுக்காக வீட்லயே உக்காந்துட முடியுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்டிவிட்டேன். அடுத்த போட்டியில் இந்தியச் சட்டையோடு ஆடினாள். நிறையத் தோற்றார்கள், ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை; 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று யார் சொன்னாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.